பதினாறு வயது மகன் குடித்துவிட்டு வந்தான்: அன்றிரவும் அடுத்த மூன்று மாதமும்

ஒரு தாயின் கேள்வி இது. பிளஸ் ஒன் படிக்கும் 16 வயது மகன், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின இரவு, மண்டபத்துக்குப் பின்னால் பையன்களோடு குடித்துவிட்டு நடக்க முடியாமல் வந்தான். விடியும்வரை வாந்தி. அப்பா பெல்ட்டால் அடித்தார். நான்கு நாளாக அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இது பழக்கமா, ஒருநாள் நடந்ததா? அடுத்து என்ன செய்வது?

பழக்கமா இல்லையா என்று சொல்ல நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும்: எவ்வளவு குடித்தான், இது எத்தனையாவது தடவை, யார் வாங்கிக் கொடுத்தார்கள், குடித்தபின் நடந்தது அவனுக்கு நினைவிருக்கிறதா. இந்த நான்கையும் சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். அடி விழுந்ததும் அந்த வாய் மூடிக்கொண்டது. அடித்ததால் வந்த பெரிய நஷ்டம் இதுதான். அடுத்த தடவை குடிக்காமலிருக்க வேண்டும் என்று அவன் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த தடவை வீட்டுக்கு வரக்கூடாது என்று கற்றுக்கொண்டிருப்பான். வீட்டுக்கு வராமல் எங்காவது மல்லாந்து கிடக்கும் பையன்தான் வாந்தியில் மூச்சடைத்துச் சாகிறான். ஆகவே முதல் வேலை, அவன் உங்களைத் தேடி வரும் வழியைத் திறந்து வைப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் ஏமாறுவது இங்கேதான். 'பீர்தான்மா குடிச்சேன்' என்றால் பெற்றோருக்குப் பாதி கவலை போய்விடுகிறது. பிராந்தி, விஸ்கி, ரம், வோட்கா எல்லாவற்றின் லேபிளிலும் ஆல்கஹால் அளவு வழக்கமாக 42.8 சதவீதம் என்றுதான் இருக்கும். அதில் 30 மில்லியில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால். மருத்துவத்தில் இதை ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறோம். 180 மில்லி குவார்ட்டரில் 6 அலகு. குவார்ட்டரை இரண்டு பேர் பிரித்துக்கொள்ளும் 'கட்டிங்' 90 மில்லி, 3 அலகு. ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் வரை இருக்கும். 650 மில்லி புட்டி ஒன்றில் 41 கிராம், அதாவது 4 அலகு. ஒரு ஸ்ட்ராங் பீரை முழுதாகக் குடித்தவன் கட்டிங் போட்டவனைவிட அதிகமாகக் குடித்திருக்கிறான்.

இதை 50 கிலோ எடையுள்ள பையன் உடம்பில் வைத்துப் பாருங்கள். ஒரு குவார்ட்டரை வேகமாகக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் 180 மில்லிகிராம் அளவுக்கு ஆல்கஹால் ஏறும். வண்டி ஓட்ட வளர்ந்தவர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. கட்டிங்கே அவனை 90-ஐ ஒட்டிக் கொண்டுபோய்விடும். இறங்குவதோ மணிக்கு 15 மில்லிகிராம் போலத்தான். இரவு 9 மணிக்குக் குவார்ட்டர் அடித்தவன் உடம்பில் காலை 7 மணிக்கும் மிச்சம் இருக்கும். குளித்தாலும் காபி குடித்தாலும் இந்த வேகம் கூடாது. கல்லீரல் தன் கணக்குக்குத்தான் வேலை செய்யும். பெண் பிள்ளைகளுக்கு உடம்பில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே எடை, அதே அளவு குடி என்றாலும் ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஏறும்.

வளரும் பிள்ளைகளிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாற்பது வயதுக்காரருக்கு மூன்றாவது கிளாஸிலேயே தூக்கமும் தள்ளாட்டமும் வந்து, போதும் என்று உடம்பு சொல்லிவிடும். பதின்வயதில் அந்த எச்சரிக்கை தாமதமாக வருகிறது. ஆனால் நினைவைப் பதியவைக்கும் மூளைப்பகுதி மட்டும் வளர்ந்தவர்களைவிட எளிதாக அடிபடுகிறது. அதனால்தான் நின்று பேசிக்கொண்டிருந்த பையன், மறுநாள் பாதி இரவை நினைவில்லை என்கிறான். 'எவ்ளோ அடிச்சாலும் ஸ்டெடியா நிக்கிறான்' என்று நண்பர்கள் மெச்சுவார்கள். அதை நீங்கள் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும். போதை எளிதில் ஏறாத உடல்வாகு உள்ளவர்களே பின்னாளில் அதிகம் அடிமையாகிறார்கள். அப்பாவோ தாத்தாவோ குடிக்கு அடிமையாக இருந்த குடும்பங்களில் இந்த உடல்வாகு கூடுதலாகக் காணப்படுகிறது.

அன்றிரவு கடந்துபோய்விட்டது. ஆனாலும் இப்படி ஓர் இரவு மறுபடி வந்தால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். தனியாகப் படுக்க வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கடைசி மடக்குக்குப் பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். வீட்டுக்குள் நுழையும்போது உளறியவன் முக்கால் மணி கழித்து மயங்கலாம். மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. பக்கத்தில் மண்டியிட்டு, உங்கள் பக்கமுள்ள அவன் கையைத் தோளுக்கு நேராக நீட்டுங்கள். மறு கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வையுங்கள். மறு காலின் முட்டியை மடக்கி, அதைப் பிடித்து உங்கள் பக்கமாகப் புரட்டுங்கள். தலை சற்றுப் பின்னால் சாய்ந்து, வாய் தரையைப் பார்க்க வேண்டும். வாந்தி வந்தால் வெளியே வழிந்துவிடும். முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பெயர் சொல்லித் தட்டிப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள்.

நிமிடத்துக்கு 8 மூச்சுக்குக் கீழே போனால், அல்லது இரண்டு மூச்சுக்கு நடுவே 10 வினாடிக்கு மேல் இடைவெளி விழுந்தால், 108-ஐக் கூப்பிடுங்கள். கிள்ளினாலும் கண் திறக்கவில்லை, உதடும் நகமும் நீலமாகின்றன, உடம்பு சில்லிட்டிருக்கிறது, வலிப்பு வந்தது, நினைவில்லாமலே வாந்தி எடுக்கிறான், தலையில் அடிபட்டிருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், தூங்கித் தெளியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புட்டி கிடைத்தால் எடுத்துப் போங்கள். மாத்திரை ஏதாவது சேர்த்துப் போட்டானா என்று கூட இருந்த பையனிடம் கேளுங்கள். தூக்க மாத்திரை, டாபென்டடால் போன்ற வலி மாத்திரை ஆகியவற்றை மதுவோடு சேர்த்துப் போடும் பழக்கம் தமிழ்நாட்டில் இளைஞர்களிடம் நுழைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து மூச்சையே நிறுத்திவிடும். போலீஸ் கேஸ் ஆகுமோ, மானம் போகுமோ என்று இந்தக் கட்டத்தில் யோசிக்காதீர்கள்.

உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரை மயக்கத்தில் எடுக்கும் வாந்தி நுரையீரலுக்குள் போகும். உப்புத் தண்ணீர் அதிகமானால் ரத்தத்தில் சோடியம் ஏறி அதுவே ஆபத்து. தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், ஏற்கெனவே உடல் சூடு இறங்கிக்கொண்டிருக்கும். மோரும் எலுமிச்சைச் சாறும் போதையை முறிக்காது. நன்றாக விழித்து, எழுந்து உட்கார்ந்தவனுக்குத் தாகம் தீரக் கொடுக்கலாம், அவ்வளவுதான். விழித்ததும் கொஞ்சம் கஞ்சியோ, சர்க்கரை போட்ட பாலோ கொடுப்பது நல்லது. காலி வயிற்றில் குடித்த பிள்ளைகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், அந்த மயக்கம் போதை மயக்கம் மாதிரியேதான் தெரியும். தலைவலிக்குப் பாரசிட்டமாலோ வேறு வலி மாத்திரையோ அன்று வேண்டாம்.

கடைச் சரக்கு இல்லை, சாராயம் என்று தெரிந்தால் கணக்கே வேறு. அதில் மெத்தனால் கலந்திருந்தால் முதலில் சாதாரணப் போதையாகத்தான் இருக்கும். அரை நாள், ஒரு நாள் கழித்து வயிற்றுவலி, மூச்சிரைப்பு, கண் மங்கல் தொடங்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது இந்த விஷத்தால்தான். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. சாராயம் குடித்தான் என்று தெரிந்தால், தெளிவாக இருந்தாலும், கண் மங்கும்வரை காத்திருக்காமல் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால்தான் பலன்.

இனி, பேச்சு. நான்கு நாள் போய்விட்டதே என்று தயங்க வேண்டாம். வீட்டில் ஒருவர் மட்டும் பேசுங்கள், சித்தப்பா மாமா எல்லாம் சேர்ந்த பஞ்சாயத்து வேண்டாம். மாலையில், அவன் சாப்பிட்டு முடித்தபின், நேருக்கு நேர் உட்காராமல் நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ பேசுவது பையன்களுக்கு எளிது. தொடக்கம் இப்படி இருக்கலாம்: 'அப்பா அடிச்சது தப்பு. நீ குடிச்சதும் எனக்குப் பிடிக்கல. அன்னிக்கு ராத்திரி நீ மூச்சு விடுறியான்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். என்ன நடந்துச்சுன்னு சொல்லு, நான் நடுவுல பேசமாட்டேன்.' அடித்தவரே வந்து, அடித்தது தப்பு என்று ஒரு வாக்கியம் சொன்னால் பாதி வேலை முடியும். சொல்ல மனமில்லாத அப்பாவைக் கட்டாயப்படுத்தி நிறுத்துவதில் பயனில்லை. 'ஏன் குடிச்சே?' என்ற கேள்விக்குப் பதில் வராது, அவனுக்கே தெரியாது. 'முதல்ல யார் எடுத்தாங்க? எதுல கலந்தீங்க? எத்தனை கிளாஸ்? அப்புறம்?' என்று நடந்ததை வரிசையாகக் கேட்டால் வரும். அவன் சொல்லும் அளவு பெரும்பாலும் பாதியாகத்தான் இருக்கும். பிடித்துக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், மீதி பிறகு வரும்.

12 முதல் 21 வயதினருக்காக உருவாக்கி, உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் 'கிராஃப்ட்' என்ற ஆறு கேள்விகள் உண்டு. பேச்சோடு பேச்சாகவே கேட்டுவிடலாம். குடித்துவிட்டு நீ வண்டி ஓட்டினாயா, குடித்தவன் ஓட்டிய வண்டியில் ஏறினாயா? டென்ஷன் குறையவோ, கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளவோ குடித்ததுண்டா? தனியாக இருக்கும்போது? குடித்தபோது செய்தது மறந்துபோனதுண்டா? குறைத்துக்கொள் என்று வீட்டிலோ நண்பர்களோ சொன்னார்களா? குடித்ததால் வம்பில் மாட்டினாயா? இரண்டோ அதற்கு மேலோ 'ஆமாம்' வந்தால் மனநல மருத்துவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். என் அனுபவக் கணக்கில் இவற்றில் மிகக் கனமானது தனியாகக் குடிப்பது. கும்பலில் குடிப்பவன் கும்பலுக்காகக் குடிக்கிறான்; தனியாகக் குடிப்பவனுக்கு உள்ளே ஏதோ வலி இருக்கிறது. அதை மட்டும் 'ஆமாம்' என்றாலும் கூட்டிப் போங்கள். மனச்சோர்வு, கூட்டத்தைக் கண்டு கூச்சம், சிறுவயதிலிருந்தே கவனக்குறைவும் துறுதுறுப்பும், பள்ளியில் யாரோ கொடுக்கும் தொல்லை, இப்படி ஒன்று அடியில் கிடக்கும். அதைச் சரிசெய்யாமல் குடியை மட்டும் நிறுத்த முடியாது. செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா என்றும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அந்த எண்ணம் உள்ள பிள்ளை குடிக்கும்போதுதான் யோசிக்காமல் செய்துவிடுகிறது.

'எல்லாரும்தான் குடிக்கிறாங்க' என்று அவன் சொல்வான். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பில், நாடு முழுவதும் 10 முதல் 17 வயதுக்குள் மது குடிப்பவர்கள் 1.3 சதவீதம், 18 வயதுக்கு மேல் 17.1 சதவீதம். ஊருக்கு ஊர் மாறும், கேட்டால் மறைப்பவர்களும் உண்டு. இரட்டிப்பாக்கி, மூன்று மடங்காக்கிப் பார்த்தாலும் அவன் வயதில் குடிக்காதவர்களே மிகப் பெரும்பான்மை. குடிக்கிற நாலு பேர் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள், குடிக்காத நாற்பது பேர் எதுவும் வைப்பதில்லை. இந்த எண்ணைச் சொல்லிக் காட்டுங்கள், பையன்களுக்கு இது உறைக்கிறது. அமெரிக்காவில் ஒரு பெரிய கணக்கெடுப்பில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடியைத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் அடிமையானார்கள். 20 வயதுக்குப் பிறகு தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குபவர்களுக்குக் குடும்பச் சிக்கலும் அதிகம் என்பதால் எல்லாப் பழியும் வயதின் மேல் இல்லை. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டு தள்ளிப்போவதும் லாபம்தான்.

'வெளியே குடிக்கிறதுக்கு வீட்டிலேயே என் முன்னால் கொஞ்சம் குடிக்கட்டும்' என்று சில அப்பாக்கள் கெட்டிக்காரத்தனமாக நினைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1,900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பெற்றோர் கையால் மது வாங்கிய பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. வெளியிலும் வாங்கிக் குடிப்பது கூடியது. வீட்டு அலமாரியில் பாதிப் புட்டி இருந்தால் பூட்டி வைப்பதைவிட இல்லாமல் செய்வது மேல். அப்பா குடிப்பவராக இருந்தால், நான் குடிப்பதில்லை என்று நடிக்க வேண்டாம், 'உனக்கு அதைக் காட்டிக் கொடுத்தது நான்தான், நானும் குறைக்கிறேன்' என்று சொல்லிக் குறைத்தும் காட்டட்டும். அவரால் முடியவில்லை என்றால் சிகிச்சை அவருக்கும் வேண்டும்.

யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதை விடாதீர்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு மது விற்கக்கூடாது. பதினாறு வயதுக்காரன் கையில் புட்டி வந்தது என்றால் நடுவில் ஒரு பெரியவர் இருக்கிறார்: நண்பனின் அண்ணன், கிரிக்கெட் டீம் சீனியர், கல்யாண வீட்டில் தாராளம் காட்டும் மாமா. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவருக்கு மது கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சொந்தக்காரர்மேல் புகார் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிரிவை அவரிடம் ஒருதரம் சொல்லிவிடுங்கள், அடுத்த விசேஷத்தில் ஊற்ற மாட்டார். திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஆள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம்.

தண்டனை வேண்டும் என்றால் குறுகியதாகவும் நடந்ததோடு தொடர்புடையதாகவும் இருக்கட்டும். முதலில் பைக் சாவி. பதினெட்டு நிரம்பாதவன் ஓட்டிப் பிடிபட்டாலே வண்டிக்காரருக்கு அல்லது பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. அவனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. சாவி வாங்கி வைப்பதைத் தண்டனையாகக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாதம் ராத்திரி விசேஷங்களுக்குத் தனியாகப் போவதில்லை, கையில் பணம் கணக்கோடு. இவ்வளவு போதும். விளையாட்டை நிறுத்தாதீர்கள், மாலையில் மைதானம் இல்லாத பையனுக்கு மாலை முழுக்க வேறு வேலை கிடைத்துவிடும்.

அதோடு ஓர் ஒப்பந்தம்: 'எத்தனை மணியானாலும், எந்த நிலையில் இருந்தாலும் ஃபோன் பண்ணு, வந்து கூட்டிட்டு வரேன். அன்னிக்கு ராத்திரி ஒரு கேள்வி கேட்கமாட்டேன். மறுநாள் சாயங்காலம் பேசுவோம்.' சொன்னால் காப்பாற்ற வேண்டும். ஒருதரம் மீறினால் அந்த ஃபோன் இனி வராது. கும்பலில் மறுக்கும் வார்த்தையையும் வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்: 'நாளைக்கு மேட்ச் இருக்குடா', 'மாத்திரை போட்டிருக்கேன்', 'எங்கப்பா வாயை ஊதச் சொல்வாரு'. கையில் ஏற்கெனவே ஸ்ப்ரைட் கிளாஸ் இருப்பவனை யாரும் வற்புறுத்துவதில்லை.

மருத்துவரிடம் போவதென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு போதும். வீட்டிலிருந்தே முதலில் பேச 14416 என்ற 'டெலி மானஸ்' அரசு மனநல உதவி எண்ணில் இரவு பகலாகத் தமிழில் பேசலாம். இந்த வயதில் சிகிச்சை என்பது பெரும்பாலும் வாரம் ஒருமுறை பேச்சு, அதில் சில வாரம் பெற்றோரும் உட்கார வேண்டும். மாத்திரை அரிதாகத்தான் தேவைப்படும். தினமும் குடிப்பவன், காலையில் கை நடுங்குகிறது, வேர்க்கிறது என்றால் மட்டும் வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்தாதீர்கள். நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். உள்நோயாளியாகச் சேர்த்து, வைட்டமின் பி1 ஊசியும் மருந்தும் கொடுத்து நிறுத்த வேண்டும்.

இரண்டு இடங்களில் பெற்றோர் ஏமாறுகிறார்கள். ஒன்று, 'குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்று விற்கும் பொடி. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் போன்ற மருந்தை அவனுக்குத் தெரியாமல் கொடுத்து, அதற்குமேல் அவன் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்தபின் வீட்டுச் சாப்பாட்டையே நம்ப மாட்டான். இன்னொன்று, வேனில் ஆள் அனுப்பிப் பையனைத் தூக்கிப்போய் மாதக்கணக்கில் அடைத்து வைக்கும் 'மறுவாழ்வு மையம்'. மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவரை உள்நோயாளியாகச் சேர்க்க மருத்துவர்கள் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புதல் தர வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, வீட்டார் ஒருவர் கூடவே தங்க வேண்டும். கூடத் தங்க விடமாட்டோம் என்றால் அந்த வாசலிலிருந்தே திரும்பிவிடுங்கள். கோயிலில் காப்புக் கட்டுவதும் மாலை போடுவதும் அவனே விரும்பினால் நல்ல துணை. நண்பர்களிடம் வேண்டாம் என்று சொல்ல அது கௌரவமான காரணமும் ஆகிறது. காப்பு அவிழும் நாளுக்கு முன்பே அடுத்த ஏற்பாட்டை யோசித்து வையுங்கள்.

மூன்று மாதம் கவனியுங்கள். தினமும் வாயை முகர்வதும் ஃபோனை நோண்டுவதும் வேண்டாம். ஞாயிறு காலை எழ முடியாமல் கிடக்கிறானா, பழைய நண்பர்கள் வருவது நின்று வயதில் மூத்தவர்கள் வருகிறார்களா, கேட்கும் பணம் சிறு சிறு தொகையாகக் கூடுகிறதா, தண்ணீர் பாட்டிலில் குளிர்பான நிறமும் வேறு நெடியும் இருக்கிறதா, மார்க் ஒரே பருவத்தில் சரிகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் அது வயதின் கோளாறாக இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்தாலோ, இந்த மூன்று மாதத்துக்குள் மறுபடி ஒருமுறை குடித்தாலோ, இன்னொரு தடவை பார்ப்போம் என்று விடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போகும் வழியில், எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று அவனிடம் உள்ளபடியே சொல்லிவிடுங்கள்.